காலையில் நீந்திய வெதுப்பல் மதியம் வரை தாங்குமா? நீச்சல் போட்டிக்குப் போகும் பெரியவர்களுக்கு

ஆயர் தாவார் – "நம்ம ஊர் வெயிலுக்கு உடம்பு எப்பவும் சூடாத்தானே இருக்கு, அப்புறம் எதுக்குத் தனியா சூடாக்கணும்?" முப்பது, நாற்பது வயதுக்குமேல் நீச்சல் பழகி முதன்முறையாகப் போட்டிக்குப் பெயர் கொடுத்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேள்வியில் தவறில்லை. ஆனால் பதில் தெரியாமல் குளத்தில் குதிப்பதில் கொஞ்சம் ஆபத்து இருக்கிறது.

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு உடற்கல்வி வகுப்பு நினைவிருக்கும். எந்த விளையாட்டானாலும் முதலில் 'வெதுப்பல் நடவடிக்கை', முடிவில் 'தணித்தல் நடவடிக்கை'. கையைச் சுற்று, இடுப்பை வளை, திடலை இரண்டு சுற்று ஓடு. பலருக்கு அது ஆசிரியர் நேரத்தைக் கடத்தும் வேலையாகத்தான் தெரிந்தது. சொல்லை மட்டும் பாருங்கள். கொதிக்க வைப்பது என்று யாரும் பெயர் வைக்கவில்லை, வெதுப்பல் என்றுதான் வைத்தார்கள். குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீரின் பதம். உடம்புக்கும் அந்த அளவு சூடுதான் தேவை. அதற்குமேல் போனால் போட்டிக்கு வைத்திருக்கும் பலம் அங்கேயே கரைந்துவிடும்.

பெரியவர்களுக்கென்று நீச்சல் போட்டியா என்று வியப்பவர்களுக்கு ஒரு சிறு தகவல். 'மாஸ்டர்ஸ்' என்ற பெயரில் 25 வயதிலிருந்து, ஐந்தைந்து ஆண்டாகப் பிரித்த வயதுப் பிரிவுகளில் உலகெங்கும் போட்டிகள் நடக்கின்றன. 40 வயதுக்காரர் 25 வயதுக்காரரோடு மோத வேண்டியதில்லை. முதல் உலக மாஸ்டர்ஸ் நீச்சல் போட்டி 1986இல் தோக்கியோவில் நடந்தது. 2025இல் அது நம் பக்கத்து வீடான சிங்கப்பூருக்கே வந்தது. ஜப்பானைச் சேர்ந்த மியேகோ நாகாவோகா 80 வயதைக் கடந்த பிறகுதான், முழங்கால் வலிக்காக நீச்சலைத் தொடங்கினார். 2015இல், தமது நூறாவது வயதில், 1,500 மீட்டரை ஒரு மணி 15 நிமிடம் 54 விநாடியில் நீந்தி முடித்தார். 100 வயதுப் பிரிவில் அந்தத் தூரத்தை நீந்திய முதல் ஆள் அவர்.

நம் நிலைமை கொஞ்சம் வேறு. தோட்டத்தில் வளர்ந்த அப்பாமாருக்கு ஆறும் வாய்க்காலும் ஈயக்குட்டையும்தான் குளம். அங்கே முங்கி எழுந்தவர்கள் உண்டு, திரும்பி வராதவர்களும் உண்டு. அதனாலேயே "தண்ணிப் பக்கம் போகாதே" என்று பிள்ளைகளை அடக்கி வளர்த்த வீடுகள் ஏராளம். இன்று அந்தப் பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளை நீச்சல் வகுப்பில் சேர்த்துவிட்டு, கரையில் உட்கார்ந்திருந்த சலிப்பில் தாங்களும் இறங்கிப் பழகுகிறார்கள். ஆயர் தாவார் என்ற பெயருக்கே நன்னீர் என்றுதான் பொருள். அந்த ஊர்க்காரர்கள் நீந்தக் கற்பது பொருத்தம்தான்.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். வெயிலில் சூடாவது தோல். நீந்த வேண்டியது தசை. காரில் ஒரு மணி நேரம் குளிர்சாதனக் காற்றில் உட்கார்ந்து வந்தவருடைய தொடைத் தசையும் தோள் தசையும் உள்ளுக்குள் சோம்பித்தான் இருக்கும், வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும். அந்தத் தசையின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினாலே அது தரும் விசை சில விழுக்காடு கூடுகிறது என்று உடற்பயிற்சி ஆய்வாளர்கள் பலமுறை அளந்திருக்கிறார்கள். ரத்தத்தில் உள்ள உயிர்வளி தசைக்கு எளிதில் இறங்குகிறது, நரம்பின் கட்டளை வேகமாகப் போகிறது, மூட்டுகளுக்குள் இருக்கும் வழவழப்பு நீர் பரவி அசைவு இலகுவாகிறது. தண்ணீருக்கோ இன்னொரு குணம் உண்டு. காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக அது வெப்பத்தைக் கடத்தும். போட்டிக் குளத்தின் நீர் 25 முதல் 28 டிகிரி வரை இருக்க வேண்டும் என்பது அனைத்துலக விதி. நம் திறந்தவெளிக் குளங்கள் சில நேரம் அதற்கும் மேல் போகும். எப்படியானாலும் அது 37 டிகிரி உடம்பைவிடக் குளிர்ந்த நீர்தான்.

அந்தக் காலத்தில் பால்மரம் சீவியவர்களுக்கு யாரும் வெதுப்பல் சொல்லித் தரவில்லையே என்று கேட்கலாம். விடியுமுன் எழுந்து, பெரட்டுக்கு நடந்து, அங்கிருந்து வாளியைத் தூக்கிக்கொண்டு மலைச்சரிவில் தன் நெரைக்கு நடந்து போய்ச் சேருவதற்குள் உடம்பு தானாகவே வெதுவெதுப்பாகியிருக்கும். முதல் மரத்தில் கத்தியை வைக்கும்போது அவர்கள் தயாராக இருந்தார்கள். நாம் படுக்கையிலிருந்து காருக்கும், காரிலிருந்து குளத்துக்கும் போகிறோம்.

வேகத்தைவிடப் பெரிய விஷயம் இதயம். 1973இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நோய் அறிகுறி எதுவும் இல்லாத 44 ஆண்களை வெதுப்பல் இல்லாமல் திடீரென்று கடுமையாக ஓடவிட்டு இதயத் துடிப்பின் பதிவை எடுத்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கும் அதிகமானோரின் பதிவில், இதயத் தசைக்குப் போதிய ரத்தம் போகவில்லை என்பதைக் காட்டும் மாற்றம் தெரிந்தது. முதலில் மெதுவாக ஓடிவிட்டுச் செய்தபோது அந்த மாற்றம் குறைந்தது, பலரிடம் மறைந்தது. பின்னாளில் நடந்த சில ஆய்வுகளில் இவ்வளவு பெரிய மாற்றம் தென்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் வயது கூடக் கூட, ஓய்வில் இருக்கும் இதயத்தை ஒரே நொடியில் உச்சத்துக்கு விரட்டாதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்வது மாறவில்லை. 50 மீட்டர் போட்டி சரியாக அப்படி ஒரு விரட்டல்தான்.

நம் சமூகத்துக்கு இது கூடுதலாகப் பொருந்தும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு ரத்தத்தில் சர்க்கரை அளவு அதிகம். இந்தியர்களிடையே மட்டும் அது 31.4 விழுக்காடு. பத்துப் பேர் நிற்கும் வரிசையில் மூவர். அதில் தமக்கு இருப்பதே தெரியாதவர்களும் அடக்கம். ஆகவே போட்டிக்குப் பெயர் கொடுக்குமுன் ஒருமுறை அரசாங்கக் கிளினிக்கில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் ஒரு ரிங்கிட். போட்டிப் பதிவுக் கட்டணத்துக்குத் தயங்காதவர்கள் இதற்குத் தயங்கக் காரணமே இல்லை.

இப்போது போட்டி நாள். ஆயர் தாவாரிலிருந்து ஒருவர் ஈப்போவில் நடக்கும் போட்டிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். காலை ஐந்தரைக்குக் கிளம்பி, லூமுட் சாலையில் ஒரு மணி நேரத்துக்குமேல் ஓட்டி, ஏழு மணிக்குள் போய்ச் சேருகிறார். வெதுப்பலுக்குக் குளம் ஏழு முதல் ஏழே முக்கால் வரை திறந்திருக்கும். எட்டுக்குப் போட்டி தொடக்கம். அவருடைய 50 மீட்டர் ஃபிரீஸ்டைல் இருபத்து மூன்றாவது நிகழ்ச்சி. அது வரும்போது மணி பத்தரை. ஏழு மணிக்கு ஏற்றிய சூடு பத்தரைக்கு எங்கே இருக்கும்?

பெரும்பாலோர் தவறுவது இந்த இடத்தில்தான். நானும் தவறியிருக்கிறேன். காலையில் ஒழுங்காக 600 மீட்டர் நீந்தினேன். பிறகு ஈர உடையோடு மின்விசிறிக்குக் கீழே நண்பர்களோடு கதை, நடுவில் ஒரு ரொட்டி சானாய். பெயரை அழைத்தபோது ஓடிப்போய்க் குதித்தேன். முப்பது மீட்டரில் கெண்டைக்கால் இறுகிப் பிடித்துக்கொண்டது. கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே மற்றவர்கள் சுவரைத் தொடுவதைப் பார்த்தேன். வெதுப்பல் செய்யவில்லை என்று யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. செய்தேன், மூன்று மணி நேரத்துக்கு முன்னால்.

தசையில் ஏறிய சூடு பயிற்சியை நிறுத்திய கால் மணி, இருபது நிமிடத்திலேயே இறங்கத் தொடங்கும். ஈர உடம்பில் காற்றுப் பட்டால் இன்னும் வேகமாக இறங்கும். 2013இல் வெளியான ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. அனைத்துலக நிலையில் நீந்துவோரை ஒரே மாதிரி வெதுப்பல் செய்யவைத்து, ஒருமுறை 20 நிமிடம் கழித்தும் இன்னொருமுறை 45 நிமிடம் கழித்தும் 200 மீட்டர் நீந்தவிட்டார்கள். 20 நிமிடம் காத்திருந்தபோது சராசரி ஏறக்குறைய 125.7 விநாடி. 45 நிமிடம் காத்திருந்தபோது 127.6. வெறுமனே உட்கார்ந்திருந்ததற்கு விலை கிட்டத்தட்ட இரண்டு விநாடி. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 41 வயது டாரா தோரஸ் 50 மீட்டர் தங்கத்தை இழந்தது ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கில் என்பதை நினைத்துக்கொண்டால் இரண்டு விநாடி என்பது எவ்வளவு பெரிய தொகை என்று புரியும்.

பெரிய அணிகளில் இதைக் கவனிக்கப் பயிற்றுநர் கடிகாரத்தோடு நிற்பார். வெதுப்பலுக்கென்று தனிக் குளமும் இருக்கும். நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டும் இருக்காது. அதனால் வெதுப்பலை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்: காலையில் தண்ணீரில் ஒன்று, உங்கள் சுற்றுக்கு முன் தரையில் ஒன்று. இரண்டாவதுதான் முக்கியம் என்பது என் கருத்து. அதைத்தான் யாரும் செய்வதில்லை.

முதலில் தண்ணீர். இறங்குமுன் ஐந்து நிமிடமாவது கரையில் கையை முன்னும் பின்னும் பெரிய வட்டமாகச் சுற்றுங்கள், தோளைத் தூக்கி இறக்குங்கள், இடுப்பை இடமும் வலமும் திருப்புங்கள், கணுக்காலைச் சுழற்றுங்கள். ஃபிரீஸ்டைல் நீந்தும் பெரியவர்களுக்கு முதலில் மக்கர் செய்வது தோள். அசையாமல் ஒரே நிலையில் நெடுநேரம் இழுத்துப் பிடித்து நிற்கும் பயிற்சியைப் போட்டிக்கு முன் தவிர்க்கலாம். ஒரு நிமிடத்துக்குமேல் அப்படி இழுத்தால் தசையின் விசை சற்று நேரம் குறையும் என்று தெரிய வந்திருக்கிறது. அதை வீட்டில், மாலையில் செய்யுங்கள்.

பிறகு காலை முதலில் வைத்து மெல்ல இறங்குங்கள். வெதுப்பல் நேரத்தில் தலைகீழாகக் குதிக்க அனுமதி இராது. ஒரே தடத்தில் பத்துப் பேர் போவார்கள், ஒருவர் தலைமேல் ஒருவர் விழுந்தால் கழுத்து போய்விடும். 200 மீட்டரோ 300 மீட்டரோ மிக மெதுவாக, பிடித்த நீச்சலில். நிறுத்தியதும் ஒரு முழு வாக்கியம் திணறாமல் பேச முடிய வேண்டும், அதுதான் அளவு. ரத்த அழுத்தத்துக்கு 'பீட்டா பிளாக்கர்' வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு நாடித்துடிப்பு எளிதில் ஏறாது. அவர்கள் துடிப்பை எண்ணுவதைவிட இந்தப் பேச்சுச் சோதனையை நம்பலாம். அடுத்து நான்கைந்து முறை 25 மீட்டர், ஒவ்வொன்றிலும் மெதுவாகத் தொடங்கி முடிவில் வேகம் கூட்டி. கடைசியாக ஒன்றோ இரண்டோ முறை, 15 மீட்டர் மட்டும், போட்டி வேகத்தில். இதற்கென்று ஒரு தடத்தை ஒதுக்கி அங்கே மட்டும் மேடையிலிருந்து குதிக்க விடுவார்கள். பிறகு 100 மீட்டர் ஆற அமர நீந்திவிட்டு வெளியேறுங்கள். எல்லாம் சேர்த்து 500, 600 மீட்டர் போதும். பக்கத்துத் தடத்தில் ஓர் இளைஞர் இரண்டு கிலோமீட்டர் நீந்துவதைப் பார்த்து நீங்களும் தொடர வேண்டாம். அவர் வாரம் முழுக்க நீந்துகிறவர்.

அந்த நேரத்தில் கண்ணாடியில் தண்ணீர் புகுகிறதா என்று பாருங்கள், திரும்பும் சுவர் வழுக்குகிறதா என்று தொட்டுப் பாருங்கள். மல்லாந்து நீந்துகிறவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. சுவருக்கு ஐந்து மீட்டர் முன்னால் குறுக்கே சிறு கொடிகள் தொங்கும். கொடியைக் கண்டதிலிருந்து சுவரைத் தொடும்வரை உங்களுக்கு எத்தனை கைவீச்சு என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். திறந்தவெளிக் குளத்தில் மேலே பார்த்துக்கொண்டு போக விட்டம் கிடையாது, வானமும் கண்ணைக் கூசவைக்கும் வெயிலும்தான். எண்ணாமல் போய் மண்டையை இடித்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

மேடையிலிருந்து குதித்துப் பழகாதவர்கள் வெட்கப்பட வேண்டியதே இல்லை. மாஸ்டர்ஸ் விதிப்படி மேடையிலிருந்தும் புறப்படலாம், கரையிலிருந்தும் புறப்படலாம், தண்ணீருக்குள் சுவரைப் பிடித்தபடியும் புறப்படலாம். குடியிருப்புப் பகுதிக் குளத்திலும் தங்கும் விடுதிக் குளத்திலும் குதித்துப் பழகவே வேண்டாம். புறப்பாட்டு மேடை உள்ள இடத்தில் குறைந்தது 1.35 மீட்டர் ஆழம் வேண்டும் என்பது விதி, அந்தக் குளங்கள் பலவற்றில் அது இருக்காது.

வெளியே வந்தவுடன் முதல் வேலை ஈர உடையை மாற்றுவது. இரண்டு செட் நீச்சல் உடை கொண்டுபோவது செலவுதான், ஆனால் பயன் உண்டு. முடியாவிட்டால் நன்றாகத் துவட்டிவிட்டு, காய்ந்த கைலியைச் சுற்றி, மேலே நீண்ட கை ஜாக்கெட், காலுக்குக் காலுறை, செருப்பு. முப்பத்து மூன்று டிகிரி வெயிலில் ஜாக்கெட் போட்டு உட்கார்ந்தால் சிரிக்கத்தான் செய்வார்கள். நிழலில் இருங்கள், தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள், வியர்வை ஊற்றினால் ஜாக்கெட்டைக் கழற்றிவிடுங்கள். நம் பெண்கள் பலர் நீச்சல் உடையில் கூட்டத்தின் நடுவே நடமாடக் கூச்சப்பட்டே போட்டிக்கு வருவதில்லை. அவர்களுக்கும் இந்த வழி உதவும். நடுவர் தொடர்ந்து சிறு விசில்கள் ஊதும்போதுதான் மேலாடையைக் களைய வேண்டும். அதன்பிறகு நீண்ட விசில், மேடை ஏற வேண்டும். அதுவரை கைலியும் ஜாக்கெட்டும் உடம்பில் இருக்கலாம்.

உங்கள் நிகழ்ச்சிக்கு இருபது நிமிடம் இருக்கும்போது எழுந்துவிடுங்கள். இதுதான் அந்த இரண்டாவது வெதுப்பல். அட்டவணையைப் பார்த்து, எத்தனை சுற்று பாக்கி, ஒரு சுற்றுக்கு எத்தனை நிமிடம் என்று கணக்குப் போட்டால் நேரம் கிடைக்கும். கரையோரமாக விறுவிறுவென்று நடை, நின்ற இடத்தில் மெதுவோட்டம், பத்து முறை உட்கார்ந்து எழுதல், கையைச் சுற்றல், ஏழெட்டு முறை மெல்லத் துள்ளல். ஈரத் தரையில் துள்ள வேண்டாம், வழுக்கும். மொத்தம் ஐந்து, ஆறு நிமிடம். மூச்சு லேசாக ஏறியதும் நிறுத்தி ஜாக்கெட்டோடு நடந்துகொண்டே இருங்கள். வீரர்கள் கூடும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருப்பார்கள், அதில் சாய்ந்துவிடாதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். தேங்காய்ப்பால் சோறும் எண்ணெய்ப் பலகாரமும் போட்டி முடிந்த பிறகு. இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு முன் ரொட்டியோ இட்லியோ, இடையில் பசித்தால் ஒரு வாழைப்பழம். ஆனால் இனிப்புநீர் உள்ளவர்களுக்கு மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளிக்லசைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் நீந்தும்போது சர்க்கரை மளமளவென்று இறங்கலாம். தரையில் என்றால் வியர்க்கும், கை நடுங்கும், பக்கத்தில் இருப்பவர் கவனிப்பார். தண்ணீருக்குள் வியர்வை யாருக்குத் தெரியும்? வெதுப்பலுக்கு முன்பும் போட்டிக்கு முன்பும் விரலில் குத்திப் பாருங்கள். 5.0 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் முதலில் கொஞ்சம் மாவுச்சத்து உணவு, பிறகுதான் நீர். இனிப்பு பானம் ஒன்று கரையில் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். உங்கள் நிலையைத் தடக் காவலரிடமோ உடன் வந்தவரிடமோ சொல்லிவையுங்கள். மாத்திரையின் அளவை நீங்களே மாற்றாதீர்கள், போட்டிக்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சில் இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ வலி, தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் இவற்றில் ஒன்று வெதுப்பலின்போது தெரிந்தாலும் அன்றைய போட்டி அதோடு முடிந்தது. ஒருவகையில் வெதுப்பலே ஒரு சோதனை ஓட்டம். உடம்பு எதையாவது சொல்ல நினைத்தால் நடுக்குளத்தில் சொல்லாமல் அங்கேயே சொல்லட்டும்.

சிலர் குதிக்குமுன் வேகவேகமாக ஆழ்ந்து மூச்சு விடுவார்கள், நிறையக் காற்றைச் சேமிப்பதாக நினைத்து. அப்படிச் சேமிக்க முடியாது. ரத்தத்தில் உள்ள கரியமில வாயுதான் குறைகிறது. மூச்சு எடு என்று மூளைக்கு மணி அடிப்பது அந்த வாயுதான். மணி அடிக்காததால், உயிர்வளி தீர்ந்தபிறகும் தெரியாமல் நீருக்குள்ளேயே மயங்கிவிடுகிறவர்கள் உண்டு. வெதுப்பல் நேரத்தில் யார் நீருக்கடியில் அதிக தூரம் போவது என்று பந்தயம் வைக்கும் நண்பர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். மேடையில் இரண்டு நிதானமான மூச்சு போதும்.

போட்டி முடிந்து சுவரைத் தொட்டதும் உடனே கையூன்றி ஏறி நிற்காதீர்கள். கால்களில் பெருகியிருக்கும் ரத்தம் அங்கேயே தங்கித் தலை சுற்றும், முக்கியமாக ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு. அடுத்த சுற்று தொடங்கும்வரை நீருக்குள்ளேயே காலை அசைத்துக்கொண்டிருங்கள், பிறகு ஏணிப் பக்கமாகப் போய் ஏறுங்கள். தணிக்கத் தனிக் குளம் இருந்தால் 200 மீட்டர் மெதுவாக நீந்தலாம். இல்லையென்றால் குளத்தைச் சுற்றி பத்து நிமிடம் நடை. இன்னொரு நிகழ்ச்சி பாக்கி இருந்தால் மறுபடியும் துவட்டல், கைலி, ஜாக்கெட், இருபது நிமிடக் கணக்கு, எல்லாம் முதலிலிருந்து. இல்லையென்றால் நன்றாகச் சாப்பிட்டு, கால் மணி நேரம் நிழலில் உட்கார்ந்துவிட்டு, அதன்பிறகு காரை எடுங்கள். ஆயர் தாவார் வரை ஒரு மணி நேரத்துக்குமேல் ஓட்ட வேண்டும், பிடித்த கெண்டைக்கால் பெடல்மேல் இருக்கும்போது மறுபடி பிடிக்கலாம். கூட வந்தவருக்கு உரிமம் இருந்தால் சாவியை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.